பின்னிணைப்புக்குப் போன பிள்ளைகள்

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. அன்று திங்கட்கிழமை. நான் அலுவலகத்துக்குள் நுழைந்து கைப்பையைக் கீழே வைப்பதற்குள் ஒரு பெண்ணும் அவள் கணவனும் என் மேசைக்கு எதிரே வந்து நின்றார்கள். அவளுக்கு இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயதிருக்கும். முகத்திலும் பாதத்திலும் வீக்கம் இன்னும் வற்றவில்லை. துப்பட்டாவை நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தாள். குடிக்கப் பிள்ளை இல்லாமல் பால் கட்டிக்கொண்டவர்கள் அப்படித்தான் கட்டுவார்கள். அதைப் பார்த்ததுமே எனக்குப் பாதி விஷயம் புரிந்துவிட்டது.

"நகராட்சியில இங்க போய்க் கேக்கச் சொன்னாங்க" என்றான் அவன். பெயர் முத்துக்குமரன். விசைப்படகில் போகிறவன். தடைக்காலம் என்பதால் கரையில் இருந்தான். அவள் பெயர் வினிதா.

பிறப்புச் சான்றிதழ் கேட்டுப் போயிருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழக்கத்தில் பழைய ஆட்கள் இன்னமும் எத்தா சிவில் என்று சொல்கிற பதிவு அறையில், மருத்துவமனையிலிருந்து வந்த தகவலில் 'இறந்து பிறந்த குழந்தை' என்று இருக்கிறது, அதற்குப் பெயர் போட்டுப் பிறப்புச் சான்றிதழ் தர முடியாது, சந்தேகம் இருந்தால் சுகாதார அலுவலகத்தில் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"அது செத்துப் பொறக்கலீங்க" என்றாள் வினிதா. "அழுவுச்சு."

முத்துக்குமரன் தரையைப் பார்த்தான். "அவளுக்கு மயக்கமா இருந்திருக்கும்னு டாக்டர் சொன்னாருங்க மேடம்."

"மயக்க ஊசியே போடலீங்க எனக்கு. நல்ல நெனப்போடதான் இருந்தேன். ரெண்டு தரம் அழுவுச்சு, பூனைக்குட்டி மாதிரி. பொட்டப்புள்ளைன்னு சிஸ்டர் சொன்னாங்க. அப்பறம் தூக்கிக்கிட்டு ஓடுனாங்க." என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "செத்த புள்ளையத் தூக்கிக்கிட்டு யாராச்சும் ஓடுவாங்களா மேடம்?"

உங்களுக்கு என்னம்மா வேணும் என்று மட்டும் கேட்டேன். கேட்ட பிறகு, அந்தக் கேள்வி எவ்வளவு மோசமாக ஒலித்தது என்று தோன்றியது.

"பேரு எழுதணும்" என்றாள். "முத்தமிழ்னு வெச்சிருந்தேன். வயித்துல இருக்கறப்பவே அப்படித்தான் கூப்புடுவேன். ஒரு மணி நேரம் இருந்துச்சோ அரை மணி நேரம் இருந்துச்சோ, இருந்துச்சுல்ல?"

மருத்துவமனைச் சீட்டைப் பிரதி எடுத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை வரச் சொன்னேன். யார் வந்தாலும் வெள்ளிக்கிழமை வரச் சொல்வது என் பழக்கம். முத்துக்குமரன் அவள் முழங்கையைப் பிடித்து மெதுவாகப் படியிறக்கிக் கூட்டிப்போனான்.

என் பெயர் உமாமகேஸ்வரி. தருமபுரத்தில் வீடு. பதினாறு வருஷமாகப் புள்ளிவிவர உதவியாளர் வேலை. பிறப்பு, இறப்பு, தடுப்பூசி, காய்ச்சல் என்று இந்த மாவட்டத்தில் யாருக்கு என்ன நடந்தாலும் அது ஒரு எண்ணாக என் கணினிக்கு வந்து சேரும். அதற்கு மேல் யாரையும் எனக்குத் தெரியாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஓர் உத்தரவு வந்தது. நம் நாட்டுச் சுகாதாரக் கொள்கையில் ஒரு பட்டியல் உண்டு; எந்தச் சாவை எத்தனை வருஷத்துக்குள் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று. உலக நாடுகள் எல்லாம் கூடி, 2030-க்குள் எட்டுவதாக ஒப்புக்கொண்ட நீடித்த வளர்ச்சி இலக்குகளில் இன்னொரு பட்டியல் உண்டு. இரண்டையும் பொருத்தி ஒரே படிவமாக மாதாமாதம் அனுப்பச் சொன்னார்கள். எங்கள் மாவட்டத்துக்கு அந்தப் படிவத்தைத் தயாரித்தவள் நான்தான். பிறந்து இருபத்தெட்டு நாளுக்குள் இறக்கிற குழந்தைகள் இரண்டு பட்டியலிலும் இருந்தார்கள். இறந்தே பிறக்கிற குழந்தைகள் நம் கொள்கையில் இருந்தார்கள், உலக இலக்குகளில் இல்லை. இப்படி ஜோடி சேராத வரிகளை என்ன செய்வது என்று கேட்டு எழுதினேன். பின்னிணைப்பில் போடவும் என்று பதில் வந்தது. போட்டேன். ஐந்து நிமிஷ வேலை.

முதல் பக்கத்தைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். அதில் மருத்துவமனை வாரியாக நிறம் போடுவேன். எண்ணிக்கை இலக்குக்குள் இருந்தால் பச்சை, கொஞ்சம் தாண்டினால் மஞ்சள், நிறையத் தாண்டினால் சிவப்பு. சிவப்பு வாங்கிய மருத்துவமனையின் டாக்டர், மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். பின்னிணைப்புக்கு நிறம் கிடையாது. கூட்டத்துக்கு அதை அச்செடுப்பதுகூட இல்லை.

அன்று மத்தியானம்வரை வேறு வேலை ஓடவில்லை. பழைய கோப்புகளைத் திறந்தேன். படிவம் மாறுவதற்கு முந்தைய வருஷம், பிறந்தபின் இறந்த குழந்தைகள் முப்பத்துமூன்று. பிரசவ நேரத்தில் இறந்து பிறந்தவை பதினொன்று. போன வருஷம் பிறந்தபின் இறந்தவை பதினான்கு. இறந்து பிறந்தவை முப்பது. முதல் வரி பாதிக்கும் கீழே இறங்கியதற்காகப் பாண்டியில் நடந்த கூட்டத்தில் எங்கள் மாவட்டத்துக்குக் கை தட்டினார்கள். அந்தப் படத்தை வரைந்த என்னையும் பெயர் சொல்லிப் பாராட்டினார்கள். இரண்டு வரியையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். அப்போது நாற்பத்துநான்கு. இப்போதும் நாற்பத்துநான்கு.

இரண்டாவது வரி ஏறுகிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஒவ்வொரு மாதமும் நானே தட்டிய எண்தான் அது. ஏன் ஏறுகிறது என்று ஒரு நாள்கூட யாரையும் கேட்கவில்லை.

மறுநாள் அந்த மருத்துவமனைக்குப் போனேன். எந்த மருத்துவமனை என்று இங்கே எழுதப்போவதில்லை. பிரசவத்தன்று வேலையில் இருந்தவர் தாமரைச்செல்வி என்ற நர்ஸ். ஒப்பந்த வேலை. முப்பது வயதிருக்கும். சாப்பாட்டு நேரத்தில் பின்பக்கம் துணி உலர்த்தும் இடத்துக்கு என்னைக் கூட்டிப்போனார். கொடி கொடியாகப் பச்சைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. வினிதா வந்திருந்ததைச் சொன்னேன்.

"அந்தப் பொண்ணு எப்படி மேடம் இருக்கு?" என்றுதான் முதலில் கேட்டார். அப்புறம் அவராகவே சொன்னார்.

"எட்டாம் மாசம். பி.பி. ஏறிடுச்சு, வலி முன்னாடியே வந்துடுச்சு. ரெண்டு பன்னெண்டுக்குப் பொறந்தா. ஒண்ணே முக்கால் கிலோ. அழுதா மேடம். ஆனா மூச்சு இழுத்து இழுத்து வந்துச்சு. எங்கிட்ட இருக்கறது, புள்ளைங்களச் சூடா வெச்சிருக்கற வார்மர் நாலுதான். அன்னிக்கு ஆறு குழந்தை கெடந்துச்சு. சின்னப் புள்ளைக்கு மூச்சு குடுக்கற மெஷின் ஒண்ணுதான், அது வேற குழந்தைக்கு ஓடிக்கிட்டிருக்கு. அதைக் கழட்டி இதுக்கு வெக்க முடியுமா? தஞ்சாவூருக்கு அனுப்பலாம்னு ஆம்புலன்ஸ் சொன்னோம். அது வர்ற வரைக்கும் கையாலயே பலூனை அமுக்கி மூச்சு குடுத்தோம். நானும் இன்னொரு சிஸ்டரும் மாத்தி மாத்தி. ரெண்டு அம்பதுக்கு நின்னுடுச்சு."

"அப்புறம் ஏன் சிஸ்டர் இறந்து பிறந்ததுன்னு எழுதுனீங்க?"

"நான் மொதல்ல சரியாத்தான் எழுதுனேன். நாலு மணிக்கு வேற கேஸ் ஷீட் குடுத்து எழுதச் சொன்னாங்க. இந்த மாசம் ஏற்கெனவே ரெண்டு போயிடுச்சு, மூணாவது வந்தா செவப்பு, கூட்டத்துல நிக்க வெச்சுக் கேப்பாங்கன்னாங்க." பிறகு கோபமே இல்லாத குரலில் கேட்டார்: "அந்தக் கலர் போடறது நீங்கதானே மேடம்?"

ஆமாம் என்றேன்.

"டாக்டரும் கெட்டவர் இல்ல. அவரும்தான் அன்னிக்குச் சாப்புடாம நின்னாரு. கூடுதலா நாலு வார்மரும் ஒரு மெஷினும் கேட்டுப் போன வருஷமே எழுதுனாரு. வேணாம்னு வந்துடுச்சு."

எழுதிக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். ஜூனில் ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்க வேண்டும், இரண்டு பிள்ளைகள் என்றார். நான் எழுந்தேன். வாசல்வரை வந்தவர், "மேடம், இருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், ஒரு நீள நோட்டைப் புடவைத் தலைப்புக்குள் வைத்துக் கொண்டுவந்தார். வார்மரில் எந்தக் குழந்தையை எத்தனை மணிக்குப் படுக்க வைத்தார்கள், எத்தனை மணிக்கு எடுத்தார்கள் என்று நர்ஸ்கள் தங்கள் வசதிக்காக எழுதிவைக்கிற நோட்டு அது. "கேஸ் ஷீட்டை மாத்துனாங்க. இதை மாத்தணும்னு யாருக்கும் தோணல. இதை யாரும் பாக்கறதில்ல. நீங்க போட்டோ எடுத்துக்குங்க."

அங்கேயே நின்று பக்கம் பக்கமாக எடுத்தேன். பல படங்கள் மங்கலாக வந்தன. திரும்ப எடுத்தேன்.

அலுவலகம் வந்ததும் தாமரைச்செல்வி சொன்ன கோரிக்கைக் கோப்பைத் தேடி எடுத்தேன். மேலிடத்திலிருந்து வந்த பதில் ஒன்றரைப் பக்கம்தான். 'இம்மாவட்டத்தில் பச்சிளங்குழந்தை இறப்பு தொடர்ந்து குறைந்து வருவதை இணைக்கப்பட்டுள்ள அட்டவணை காட்டுகிறது. எனவே தற்போதைக்குக் கூடுதல் கருவிகளுக்கான தேவை எழவில்லை.' இணைத்திருந்த அட்டவணை நான் போட்டது. அடியில் என் சுருக்கொப்பம் இருந்தது.

நான் அந்தக் கோப்பை மூடி வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அழுகை வரவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அன்று சாயந்திரமும் மறுநாளும் நோட்டையும் பதிவுகளையும் ஒப்பிட்டேன். தாய் பெயர், தேதி, எடை. இறந்து பிறந்ததாகப் போன வருஷம் பதிவான முப்பதில் பதினேழு குழந்தைகள் அந்த நோட்டில் இருந்தன. செத்துப் பிறந்த குழந்தையை வார்மரில் வைக்க மாட்டார்கள். ஒன்று ஆறு நிமிஷம் இருந்திருக்கிறது. ஒன்று பதினோரு மணி நேரம். இந்த வருஷத்து வினிதாவின் பெண்ணோடு சேர்த்துப் பதினெட்டு.

எங்கள் அதிகாரி டாக்டர் கோவிந்தராசு. ஓய்வுபெற ஒன்றரை வருஷம் இருந்தது. அந்தப் பதினெட்டுப் பேர் பட்டியலையும், பதிவுகளைத் திருத்த வேண்டும் என்று நான் எழுதிய குறிப்பையும் அவர் முன்னால் வைத்தேன். இரண்டு தடவை படித்தார்.

"உமா, அடுத்த வாரம் நம்ம கணக்கைப் பாக்க டெல்லியிலேருந்து குழு வருது. தெரியும்ல?"

"தெரியும் சார்."

"இதை மாத்துனா, மூணு வருஷமாக் கீழ போன கோடு ஒரே நாள்ல மேல போயிடும். என்ன ஆச்சுன்னு கேப்பாங்க. என்ன சொல்றது?"

"என்ன நடந்துச்சோ அதைச் சொல்லலாம் சார்."

கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். "நான் பிள்ளைக வைத்தியம் படிச்சவன்மா. மூணு வருஷத்துல பாதியாக் குறையாதுன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப தெரிஞ்சுதான் இருந்துச்சா சார்?"

"கேக்கல. கேட்டாச் சொல்லியிருப்பாங்க. அதனாலதான் கேக்கல."

வேறு ஏதாவது சொல்லுவார் என்று நின்றேன். போம்மா, பார்க்கலாம் என்றார்.

வெள்ளிக்கிழமை வினிதா வந்தாள். இந்த முறை தனியாக. அவள் சொன்னது உண்மைதான் என்று அவளிடம் சொன்னேன். ஒரு பெரிய சண்டைக்குத் தயாராகி வந்தவள்போல இருந்தவள், அதைக் கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அலுவலகத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "எல்லாரும் எனக்குப் புத்தி கலங்கிடுச்சுன்னாங்கக்கா" என்றாள். அதுவரை மேடம் என்று கூப்பிட்டவள் அக்கா என்றது அப்போதுதான். "அவருகூட, நான் ராத்திரி எந்திரிச்சு உக்காந்தா, கோயிலுக்குப் போயி மந்திரிச்சுக்கிட்டு வரலாமான்னு கேப்பாரு."

முப்பத்தெட்டு நிமிஷம் இருந்தாள், இரண்டு நர்ஸ்கள் கடைசிவரை மூச்சு கொடுத்துக்கொண்டே இருந்தார்கள் என்று சொன்னேன். மெஷின் ஏன் இல்லை என்று அவள் கேட்கவில்லை. நானாகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

குழு வருவதற்கு முந்தின நாள் கோவிந்தராசு சார் என்னைக் கூப்பிட்டுக் குறிப்பைத் திருப்பிக் கொடுத்தார். கையெழுத்துப் போட்டிருந்தார். "என் பேரையும் சேர்த்துக்க. நான் கேக்காம இருந்தேன்னு எழுது" என்றார். அப்படியெல்லாம் அலுவலகக் குறிப்பில் எழுத முடியாது. 'மேற்பார்வையில் குறைபாடு' என்று எழுதினேன்.

டெல்லிக் குழுவில் வந்தவர்கள் கத்தவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். தலைமை தாங்கி வந்த அம்மா பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். இறந்து பிறந்த குழந்தைகளும் இனி முதல் பக்கத்துக்கே வர வேண்டும் என்று எழுதிக்கொண்டார். ஒரு நோட்டை மட்டும் வைத்துப் பதிவுகளைத் திருத்த முடியாது, வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் விசாரித்து, அதற்கென்று உள்ள படிவத்தில் எழுதி வாங்க வேண்டும் என்றார். சரியான முறை அதுதான். யார் போவது என்று கேட்டபோது நான் போகிறேன் என்றேன்.

ஜூன் முடிவதற்குள் இரண்டு காரியங்கள் நடந்தன. தாமரைச்செல்வியின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. ஆள் குறைப்பு என்று காரணம் சொன்னார்கள். நான் போன் செய்தபோது, "பரவால்ல மேடம், நாகப்பட்டினத்துல ஒரு கிளினிக்ல கூப்புட்டிருக்காங்க" என்றார். அவருக்காக நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் வரவில்லை.

இன்னொன்று, வினிதாவின் குழந்தைக்கான திருத்தம் முதலில் முடிந்தது. இரண்டு சான்றிதழ்கள் வந்தன, பிறப்புக்கு ஒன்று, இறப்புக்கு ஒன்று. வாங்கிக்கொள்ள வினிதாவும் முத்துக்குமரனும் வந்தார்கள். தடைக்காலம் முடிந்து அவன் கடலுக்குப் போகத் தொடங்கியிருந்தான், முகம் கறுத்திருந்தது. அவன்தான் முதலில் வாங்கினான். எழுத்துக் கூட்டிக் கூட்டி, "முத்தமிழ்... பெண்... தகப்பன் பேரு முத்துக்குமரன்" என்று வாய்விட்டுப் படித்தான். படித்து முடித்ததும் மனைவியிடம் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று வெளியே போய் வண்டி நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டான்.

வினிதா இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ரெண்டுலயும் ஒரே தேதியா இருக்குக்கா."

"ஆமாம்மா."

"மணி போட மாட்டாங்களா?"

"அதுக்கு இதுல எடம் இல்லம்மா."

"முப்பத்தெட்டு நிமிஷம்னீங்களே. அது எங்கயும் இருக்காதா?"

என் கணினியில் இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அங்கேயும் நாள் கணக்குதான். ஒரு நாளுக்குக் குறைவு என்றால் பூஜ்ஜியம் என்று போடுவோம். "இருக்காதும்மா" என்றேன். அவள் தலையாட்டினாள். தாள்களை மடிக்காமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொண்டு போனாள்.

பிறகு மற்ற வீடுகளுக்குப் போகத் தொடங்கினேன். முதல் சில வீடுகளில் நடந்தது நான் எதிர்பார்த்ததுதான். கீழவாஞ்சூரில் ஒருவர், துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவர், தன் பையன் அசைந்ததைக் கண்ணாடி வழியே பார்த்ததாகச் சொன்னார். யாரும் நம்பாததால் தானும் நம்பாமல் விட்டுவிட்டதாகச் சொன்னார். எழுதி வாங்கிக்கொண்டேன். இந்தக் குடும்பங்களுக்கு ஏதோ நல்லது செய்கிறேன் என்றுகூட எனக்குள் ஒரு நினைப்பு வந்திருந்தது. சுரக்குடிக்குப் போகிறவரை.

சுரக்குடியில் ஷர்மிளா என்ற பெண். ஒரு வருஷம் நான்கு மாதத்துக்கு முன்னால் பிரசவம். ஆகஸ்டு தொடக்கம், வாய்க்காலில் இன்னும் தண்ணீர் வந்து சேரவில்லை, வயல்கள் வெடித்துக் கிடந்தன. ஷர்மிளாவும் அவள் கணவன் கதிரவனும் வீட்டில் இருந்தார்கள். விவசாயக் குடும்பம். ஷர்மிளா நாற்காலி எடுத்துப் போட்டு, மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அமைதியான முகம்.

"கவர்மெண்ட் கணக்கெடுப்பாக்கா?" என்றாள்.

ஆமாம் என்றேன். படிவத்தை எடுத்தேன். பெயர், வயது, எத்தனையாவது பிரசவம். தலைப்பிள்ளை என்றாள். அறுவைச் சிகிச்சை என்றாள். முழு மயக்கம் கொடுத்ததாகச் சொன்னாள்.

"எட்டாம் மாசம் பாத்ரூம்ல வழுக்குனேன்க்கா. யாருக்கிட்டயும் சொல்லல. அதுலதான் உள்ளயே போயிடுச்சு. டாக்டர் ஒண்ணும் சொல்லல, எனக்கே தெரியும்" என்றாள். அதை இதற்கு முன் பலமுறை தனக்குள் சொல்லிப் பழகியவள்போலச் சொன்னாள். "ஒண்ணே ஒண்ணு, அது கஷ்டப்படல. இந்த உலகத்தையே பாக்காமப் போயிடுச்சு. வலி தெரிஞ்சிருக்காதுன்னு நெனச்சுக்குவேன்."

அடுத்த கேள்வி: 'குழந்தை பிறந்தவுடன் அழுததா, மூச்சு விட்டதா, அசைந்ததா?' அதைத் தாண்டிப் போக முடியாது. அந்த ஒரு கேள்விக்காகத்தான் படிவமே. நான் அதைப் படித்தேன்.

ஷர்மிளா லேசாகச் சிரித்தாள். "செத்த புள்ளை எப்படிக்கா அழும்?"

நான் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை. அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"அக்கா, எதுக்கு இதைக் கேக்கறீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். எல்லாரிடமும் கேட்கிற கேள்வி என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் ஏற்கெனவே என் முகம் சொல்லிவிட்டது. நோட்டில் இருந்ததைச் சொன்னேன். ஆண் குழந்தை. காலை பதினொன்றே காலுக்கு வார்மரில் வைத்தார்கள். ஒன்று இருபத்தைந்துக்கு எடுத்தார்கள். இரண்டு மணி நேரம் பத்து நிமிஷம்.

கதிரவன் ஜன்னலோரம் நின்றிருந்தவன் அப்படியே நின்றான். ஷர்மிளா அழவில்லை. என் பக்கமாகக் குனிந்து, ஏதோ ரகசியம் கேட்பதுபோல் மெல்லக் கேட்டாள்:

"அந்த ரெண்டு மணி நேரமும் அவனை யாருக்கா வெச்சிருந்தா?"

எனக்குத் தெரியவில்லை. நோட்டில் நேரம் மட்டும்தான் இருந்தது. நர்ஸ்கள் பக்கத்தில் இருந்திருப்பார்கள் என்றேன்.

"தூக்கி வெச்சிருந்தாங்களா, படுக்க வெச்சிருந்தாங்களா?"

"தெரியலம்மா."

"நான் பக்கத்து ரூம்லதானே கெடந்தேன்" என்றாள். எழுந்து உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு உள்ளிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். எனக்குக் கேட்க வாய் வரவில்லை. கதிரவனே வந்து, எங்கே என்று சைகையால் கேட்டுக் கையெழுத்துப் போட்டான். "பஸ்ஸுலயா வந்தீங்க?" என்றான். ஆமாம் என்றதும் பைக்கை வெளியே எடுத்தான். வேண்டாம் தம்பி, அவங்க பக்கத்துல இருங்க என்றேன். "அவ இப்ப கதவு தொறக்க மாட்டா மேடம். எனக்குத் தெரியும். ஏறுங்க."

மெயின் ரோடு வந்தது. நிறுத்தத்தில் என்னை இறக்கிவிட்டுப் போய்விடுவான் என்று நினைத்தேன். வண்டியை ஓரம் கட்டிவிட்டு அங்கேயே நின்றான். வெயில் கொளுத்தியது. பஸ் வரக் கால் மணி நேரம் ஆனது.

தூரத்தில் பஸ் தெரிந்தபோதுதான் கேட்டான். "எத்தனை மணின்னு சொன்னீங்க மேடம்?"

"பதினொன்னே கால்லேருந்து ஒண்ணு இருபத்தஞ்சு வரைக்கும்."

அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினான்.

"நான் கீழ கேன்டீன்லதான் இருந்தேன். ஆபரேசன் முடிஞ்சா கூப்புடறோம்னாங்க. மூணு காபி குடிச்சேன். கூப்புட்டிருந்தா ரெண்டு நிமிஷத்துல மேல வந்திருப்பேன்."

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பஸ் நகர்ந்த பிறகும் கதிரவன் பைக்கை எடுக்கவில்லை.